பூக்காரக்கா கேட்டது: மதுரைப் பக்கத்துச் சபை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இது எந்தச் சபை என்று கண்டுபிடிக்க முயல வேண்டாம். மதுரைக்குத் தெற்கே, பசுமலையைத் தாண்டித் திருமங்கலம் போகும் வழியில் உள்ள ஒரு நடுத்தரச் சபை என்று வைத்துக்கொண்டால் போதும். ஆட்களின் பெயர் எதுவும் இதில் வராது. நான் அங்கே பொருளாளராக இருந்தவன். அதனால் இது வெளியிலிருந்து வந்து பார்த்தவர் எழுதும் ஆய்வல்ல. விசுவாசத்தில் மெத்தனமாகிப்போன தப்பு நடந்தபோது உள்ளே உட்கார்ந்திருந்த ஒருவன், நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம்

எங்கள் ஆலயத்து கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பூக்காரக்கா உட்கார்ந்திருப்பார். பீடத்து ஜாடிகளுக்குச் சம்பங்கியும் ரோஜாவும் சனிக்கிழமைதோறும் அவரிடம்தான் வாங்குவோம். கல்யாணம் என்றால் மாலை, அடக்கம் என்றால் பூச்சிலுவை. இருபது வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம். மாதக் கடைசியில் நான் கணக்குப் பார்த்துப் பணம் கொடுத்து வவுச்சரில் கையெழுத்து வாங்குவேன். எங்கள் பேரேட்டில் ‘பூச் செலவு’ என்ற தலைப்பில் அவர் இருந்தார். வேறு எங்கும் இல்லை.

அன்று தை மாதம். பனியில் மல்லி வரத்து குறைந்து விலை எகிறியிருந்த நேரம். முந்தின வாரம்தான் சபையில் ஒரு துக்கம். முப்பது வயதுகூட ஆகாத பையன், பைக் விபத்து. கல்யாணமாகி இரண்டு வருடம். பெட்டியின் மேல் வைத்த பூச்சிலுவையைக் கட்டிக் கொடுத்தது அக்காதான். கல்லறைத் தோட்டம் வரைக்கும் அவரும் வந்திருக்கிறார். நான் கவனிக்கவில்லை, பிற்பாடு அவர் சொல்லித்தான் தெரியும்.

வவுச்சரை நீட்டினேன். வாங்கவில்லை. இடது கை விரல்களில் வாழைநார். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, ஒரு சுருக்கு. கை நிற்காமல் ஓட, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“ஏன் தம்பி, அந்தப் பிள்ளை குழிமேட்டுல நின்னு பாடுச்சே. புருசனை உள்ள வச்சிட்டு எப்படிப் பாட முடிஞ்சுச்சு அதுக்கு?”

“அது வந்துக்கா… எங்களுக்கு உயிர்த்தெழுதலின் நம்பிக்கை உண்டு. கர்த்தருக்குள் மரிக்கிறவங்க பாக்கியவான்கள்…”

“அப்படின்னா?”

“ரட்சிக்கப்பட்டவங்களுக்கு நித்திய ஜீவன்…” அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. “ஞாயித்துக்கிழமை உள்ள வாங்கக்கா. ஆயர் ஐயா நல்லா விளக்கமா சொல்லுவாரு.”

கை நின்றது. “ஐயா சொல்றது இருக்கட்டும். இருபது வருசமா உங்களுக்குப் பூக் குடுக்குறேன். உள்ள என்னதான் சொல்லிக்கிறீங்கன்னு ஒருத்தராச்சும் எங்கிட்ட சொல்லிருக்கீங்களா? நீங்க சொல்லுங்கன்னுதான் கேட்டேன்.”

வவுச்சரை வாங்கிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை. கொஞ்சம் ஏமாற்றம் இருந்திருக்கலாம். நான் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நிகழ்வு என்று பார்த்தால் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதைத் தொடர்ந்து வந்தவை.

ஒரு குறைவுமில்லாத சபை

விசுவாசத்தில் மெத்தனம் என்றதும் காலியாகக் கிடக்கும் பெஞ்சுகளும் ஒட்டடை பிடித்த கோயிலும்தான் கண்முன் வரும். எங்கள் சபை அப்படி இல்லை. பார்க்கப்போனால் ரொம்பச் சுறுசுறுப்பு. ஞாயிறு இரண்டு ஆராதனை, ஓய்வுநாள் பள்ளி, பெண்கள் ஐக்கிய சங்கம், வாலிபர் ஐக்கியம், புதன் ஜெபக்கூட்டம், மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி, அறுப்பின் பண்டிகை, டிசம்பரில் கீத பவனி. நாள்காட்டியில் ஒரு கட்டம் வெறுமையாக இராது. அந்த நெரிசல்தான் எங்களை ஏமாற்றியது என்று இப்போது நினைக்கிறேன். ஓடிக்கொண்டிருப்பவனிடம் போய், எங்கே ஓடுகிறாய் என்று யார் கேட்பார்கள்?

1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்தார்கள். எங்கள் சபையில் பாதிக் குடும்பங்கள் அந்த மிஷன் காலத்தில் விசுவாசத்துக்கு வந்தவர்களின் நாலாவது, ஐந்தாவது தலைமுறை. 1881-ல் பசுமலையில் தொடங்கிய கல்லூரிதான் பின்னால் ஊருக்குள் போய் அமெரிக்கன் கல்லூரியாக நிற்கிறது. “எங்க தாத்தா பசுமலையில படிச்சவரு” என்பது எங்கள் வீடுகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாசகம். விசுவாசம் எங்களுக்குப் பூர்வீகச் சொத்து. பத்திரம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. நிலத்தில் யாராவது கால் வைத்து எத்தனை வருடம் ஆயிற்று என்று யாரும் கேட்டதில்லை.

அக்கா கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து மூன்று வருடப் பேரேட்டை எடுத்துப் புரட்டினேன். பொருளாளனுக்கு மனசு சரியில்லை என்றால் வேறென்ன செய்வான்? பெயிண்ட், மதில் சுவர், ஜெனரேட்டர், புதுசாக வாங்கிய ஆடியோ மிக்சர். ‘நற்செய்திப் பணி’ என்றும் ஒரு தலைப்பு இருந்தது. அப்பாடா என்றிருந்தது. பிரித்துப் பார்த்தால் அத்தனையும் வட மாநிலங்களில் ஊழியம் செய்யும் ஸ்தாபனங்களுக்கு அனுப்பியது. அதில் தப்பில்லை. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து தமிழ்க் கிறிஸ்தவர்கள் வளர்த்த நல்ல பழக்கம் அது. ஆனால் எங்கள் கேட்டிலிருந்து முப்பது அடி தூரத்துக்கு அந்தத் தலைப்பில் ஒன்றும் இல்லை. ரூபாயை விடுங்கள், ஒரு வார்த்தைகூடப் போகவில்லை.

என் பாட்டி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து மூலையில் இருக்கும் சின்னப் பானையில் போடுவார். போடும்போது வாய் ஏதோ முணுமுணுக்கும். யாராவது ஒருவரை நினைத்துக்கொள்வார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அந்தக் கைப்பிடி அரிசிதான் சபைக்குக் காணிக்கையாகப் போகும். இன்றைக்கு அது கவராக மாறிவிட்டது. கவரில் பணம் கூடுதலாகத்தான் வருகிறது. முணுமுணுப்புதான் நின்றுபோயிற்று.

கீத பவனி இன்னும் மோசம். டிசம்பர் ராத்திரிகளில் வேனில் கிளம்பிச் சபையார் வீடு வீடாகப் போய்ப் பாடுவோம். கேக், காபி, காணிக்கை கவர். ஒரு கிறிஸ்தவ வீட்டிலிருந்து அடுத்த கிறிஸ்தவ வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு சந்து முழுக்க ஜனங்கள் வாசலில் நின்று பார்ப்பார்கள். பாட்டை நிறுத்திவிட்டுத்தான் அந்தச் சந்தைக் கடப்போம். தொண்டைக்கு ஓய்வு வேண்டுமே!

மேடை போட்டோம்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டியில் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் செயலாளர், “சரி, மூணு நாள் நற்செய்திக் கூட்டம் ஒண்ணு போட்டுருவோம்” என்றார். எல்லார் முகத்திலும் நிம்மதி. எனக்கும்தான். ஒருவர் கேட்ட கேள்விக்கு ஒரு நிகழ்ச்சியைப் பதிலாகக் கொடுப்பது எங்களுக்குக் கைவந்த கலை.

பங்குனியில் கூட்டம். பந்தல், மைக் செட், போலீஸ் அனுமதி எல்லாம் முறைப்படி. ஃபிளக்ஸில் பேச்சாளர் படம் ஆளுயரம், ஆயர் படம் அதில் பாதி, கமிட்டி உறுப்பினர்கள் கீழே வரிசையாக. என் படமும் உண்டு. வேத வசனம் ஓரத்தில் தபால்தலை அளவுக்கு. மூன்று நாளும் நாற்காலி நிறைந்தது. வந்தவர்கள் எங்கள் சபையாரும் பக்கத்துச் சபையாரும். கடைசி நாள் பேச்சாளர், முதன்முறையாக வந்திருப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். தூக்கியது மைக் செட் பையன் மட்டும். அவனும் சோம்பல் முறித்தானோ என்னவோ.

பூக்காரக்கா வரவில்லை. எப்படி வருவார்? சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை அவருக்கு வியாபார நேரம், பங்குனி முகூர்த்தம் வேறு. அதைவிடப் பெரிய கூத்து, ஒரு ஸ்பீக்கரை வேப்பமரத்தில் அவர் தலைக்கு நேர் மேலே கட்டியிருந்தோம். அடுத்த சனிக்கிழமை சொன்னார்: “மூணு நாளா காதே போச்சு தம்பி. பூ வாங்க வந்தவங்க எத்தனை முழம்னு சொல்றதே கேக்கல.”

பின்னால் யோசித்தபோது ஒன்று தெரிந்தது. பேதுரு முதல் நிருபத்தில் ஒரு வசனம் உண்டு. சபையில் முழு உறுப்பினராகும் முன் நடக்கும் திடப்படுத்தல் வகுப்பில் மனப்பாடம் செய்தது. “உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவுசொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்.” அக்கா கேட்டது வார்த்தைக்கு வார்த்தை அதுதான். ஒரு பெண்ணிடம் நம்பிக்கையைக் கண்டார், அதைக் குறித்து விசாரித்தார். நாங்களோ விசாரித்தவரின் காதுக்கு மேல் ஸ்பீக்கரைக் கட்டினோம்.

தொட்டித் தண்ணீர்

எங்கள் ஆயர் அதிகம் பேசாதவர். கூட்டம் முடிந்த வாரம் புதன் வேதபாடத்துக்கு வெளிப்படுத்தின விசேஷம் மூன்றாம் அதிகாரத்தை எடுத்தார். லவோதிக்கேயா சபைக்கு எழுதினது. “நீ குளிருமின்றி அனலுமின்றி வெதுவெதுப்பாயிருக்கிறபடியினால்…” என்ற பகுதி. கேட்டுக் கேட்டுப் புளித்தது.

அன்றைக்கு ஆயர் அந்த லவோதிக்கேயா ஊரைப் பற்றிச் சொன்னார். இன்றைய துருக்கியில் இருந்த பணக்கார ஊர் அது. கறுப்பு ஆட்டுரோமத் துணிக்கும் வங்கித் தொழிலுக்கும் பேர்போனது. கண் வைத்தியமும் அங்கே பிரபலம். கி.பி. 60-ல் நிலநடுக்கத்தில் விழுந்தபோது ரோமாபுரியின் உதவி வேண்டாம் என்று தன் பணத்திலேயே கட்டி எழுப்பிக்கொண்டது. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் இதைக் குறித்து வைத்திருக்கிறார். “எனக்கு ஒரு குறைவுமில்லை” என்று அந்தச் சபை சொன்னதாக வரும் வரி ஊரின் குணத்தோடு அப்படியே ஒட்டுகிறது. அக்கம்பக்கத்தில் எராப்போலியில் வெந்நீர் ஊற்று, கொலோசெயில் குளிர்ந்த நீர். லவோதிக்கேயாவுக்குத் தண்ணீர் தூரத்திலிருந்து குழாயில் வந்தாக வேண்டும்.

“வெந்நீர் உடம்பு வலிக்கு. குளிர்ந்த தண்ணி தாகத்துக்கு. நம்ம ஊருல சித்திரை மாசம் மத்தியானம் மொட்டை மாடித் தொட்டியில இருந்து வர்ற தண்ணி எதுக்கு?” என்று கேட்டார் ஆயர்.

யாரோ, “கால் கழுவக்கூட யோசிப்போம் ஐயா” என்றார்கள்.

அனல் என்றால் பக்தி, குளிர் என்றால் அவிசுவாசம் என்றுதான் நாற்பது வருடமாக நான் கேட்டு வந்திருந்தேன். கடவுள் அரைகுறைப் பக்தனைவிட நாத்திகனை விரும்புகிறாரா என்று உள்ளுக்குள் ஒரு குழப்பமும் இருந்தது. இந்த வாசிப்பில் அது தீர்ந்தது. அனலும் பிரயோஜனம், குளிரும் பிரயோஜனம். வெதுவெதுப்பு யாருக்கும் பிரயோஜனம் இல்லாத நிலை. எங்கள் தொட்டி நிரம்பித்தான் இருந்தது. குடிக்கத்தான் ஆளில்லை.

ஐந்து நிமிடம்

இந்த ஆய்வில் வேறு எதை விட்டாலும் இதை விடக் கூடாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆயர் ஒரு பயிற்சி கொடுத்தார். புதன்தோறும் இரண்டு பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம். பூக்காரக்கா எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, ‘நான் ஏன் இயேசுவை நம்புகிறேன்’ என்று சொல்ல வேண்டும். நிபந்தனை ஒன்று: ரட்சிப்பு, கிருபை, மகிமை, ஆசீர்வாதம், சாட்சி என்ற ஐந்து சொற்களைத் தொடக் கூடாது. பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பிள்ளையிடம் எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் கொடுத்தார். யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் ஒரு தட்டு.

முதல் ஆள் நான். நாற்பது விநாடிக்குள் மூன்று தட்டு வாங்கினேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சொற்களை எடுத்துவிட்டால் என் கையில் மிச்சம் எதுவும் இல்லை என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

இரண்டாவது வாரம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். வேதபாடம் வாசிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை, உச்சரிப்பு மணி போல இருக்கும். எழுந்து நின்றார். பேசவே இல்லை. ஒரு நிமிடம் ஆகியிருக்கும். “எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைய்யா. எங்கப்பா சொன்னாரு, நானும் சொல்லிக்கிட்டு இருக்கேன்” என்று உட்கார்ந்துவிட்டார். டம்ளர் தட்டும் பிள்ளை கரண்டியைக் கீழே வைத்துவிட்டது. அந்த வாரம் சீக்கிரமே கலைந்துவிட்டோம். சபையில் அதுவரை நான் கேட்ட பிரசங்கங்களில் அதைவிட உண்மையானது எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை.

மூன்றாவது வாரம் ஆலயத்தைப் பெருக்கித் துடைக்கும் பாட்டி. அவரைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஆயர்தான் கூப்பிட்டார். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

“எங்க வீட்டுக்காரரு பெரியாஸ்பத்திரில கெடந்தாரு. நான் வராந்தாவுல. ராத்திரி ரெண்டு மணி இருக்கும், பக்கத்துப் படுக்கைக்காரரை மூடி எடுத்துட்டுப் போனாய்ங்க. எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது. கூட ஆளு இல்ல. ‘ஏசப்பா, நீங்களும் ஒத்தையிலதான செத்தீங்க, உங்களுக்குத் தெரியும்ல, எங்கூட இருங்க’ன்னேன். இருந்தாரு. வீட்டுக்காரரு மூணாம் நாள் போயிட்டாரு. அவரு போனாலும் இவரு போகல. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்.”

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டம்ளர் தட்டு ஒன்றும் விழவில்லை.

சபைக்குள் யாரிடம் விசுவாசம் இருக்கிறது என்று எங்களுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. கமிட்டியில் இருப்பவர்களிடம் தேடினோம். அது துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. மெத்தனத்தைப் போக்க வெளியிலிருந்து எழுப்புதல் பேச்சாளர் வேண்டியதில்லை, உள்ளே பேசாமல் இருப்பவரைப் பேச விட்டால் போதும் என்பது இதில் நான் கண்டது. பாட்டி பேசின பிறகு அந்தப் பயிற்சி பல மாதம் ஓடியது. சிலர் எரிச்சலடைந்து வருவதை நிறுத்தினார்கள். ஆவிக்குரிய ஆழம் இல்லை என்று சொல்லி இரண்டு குடும்பம் வேறு சபைக்கே போய்விட்டது. தலைமையாசிரியர் மட்டும் ஒரு வாரமும் தவறவில்லை. முன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

இதற்கிடையே, கேள்விக்கு உரியவளே பதில் சொல்லப் போய்விட்டாள். புருசனை இழந்த அந்தப் பெண் ஒரு நாள் பூ வாங்கப் போனபோது அக்கா நேராகவே கேட்டுவிட்டார். அவள் சொன்ன பதிலை அக்காதான் எனக்குச் சொன்னார். “எனக்கும் தெரியலக்கா, பாடாட்டி விழுந்துருவேன்னு பாடுனேன். பிடிச்சுக்கிட்டு நிக்க அது ஒண்ணுதான் இருந்துச்சு.” என்னிடம் அன்றைக்குக் கேட்டபோது வந்த நித்திய ஜீவனையும் பாக்கியவான்களையும் நினைத்துப் பார்த்தேன். அந்த வார்த்தைகள் பொய்யில்லை. ஆனால் நான் எதையும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

தூண்டில்

பிள்ளைகளுக்கு வேகம் வந்துவிட்டது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்றைக்கு வைகைக் கரையில் கைப்பிரதி கொடுக்கலாம் என்றார்கள், லட்சக்கணக்கில் ஜனம் கூடும் என்று கணக்கும் சொன்னார்கள். தலைமையாசிரியர் அப்போதுதான் வாயைத் திறந்தார்: “அடுத்தவன் வீட்டுக் கல்யாணத்துல போய் நம்ம வீட்டுப் பத்திரிகையைக் குடுக்குறதாப்பா?” விஷயம் அதோடு முடிந்தது. சரியாகத்தான் முடிந்தது.

சட்டம் இதைத் தெளிவாகவே வைத்திருக்கிறது. அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது. 1977-ல் உச்ச நீதிமன்றம் அதற்கு எல்லை சொன்னது: எடுத்துச் சொல்வது உரிமை, இன்னொருவரை மதம் மாற்றுவது உரிமை ஆகாது. 2002-ல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து 2004-ல் திரும்பப் பெறப்பட்டது. எங்கள் சபையில் சிலர் இன்னமும் அந்தச் சட்டம் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு, “எதுக்கு வம்பு” என்பார்கள். உண்மையான பயமா, சௌகரியமான பயமா என்று எனக்குச் சந்தேகம். வலுக்கட்டாயமும் ஆசை காட்டுவதும் சட்டம் தடுக்காவிட்டாலும் அசிங்கம்தான். ஆனால் கேட்டவருக்குப் பதில் சொல்வதை எந்தச் சட்டமும் தடுத்ததில்லை.

அக்காவின் மருமகளுக்குப் பிரசவத்தில் ரத்தம் தேவைப்பட்டது. வாலிபர் இரண்டு பேர் பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் கொடுத்தார்கள். கொடுத்த கையோடு போட்டோ எடுத்து, ‘நற்செய்தியின் கதவு திறந்தது’ என்று எழுதிச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். ஆயர் அதை அழிக்கச் சொன்னார். “ரத்தம் குடுத்தீங்களா, தூண்டில் போட்டீங்களா?” பையன்களுக்கு முகம் தொங்கிப்போயிற்று. எனக்கு அவர்கள்மேல் பாவமாகத்தான் இருந்தது. அப்படித்தானே நாங்கள் பழக்கியிருந்தோம்.

வெளியே இருப்பவரிடம் எப்படிப் போய்ப் பேசுவது என்ற பிரச்சினை மதுரைக்குப் புதிதல்ல. 1606-ல் இங்கே வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலிக்கு முன்பே, கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற பாதிரியார் மதுரையில் ஆலயம் வைத்திருந்தார். இங்கே வந்து தங்கிய பரதவக் கிறிஸ்தவர்களை அவர் பார்த்துக்கொண்டார். ஊர்க்காரர் பக்கம் அது நகரவில்லை. கிறிஸ்தவராவது என்றால் பரங்கிக் கூட்டத்தில் சேர்வது என்றே ஊரார் புரிந்துகொண்டிருந்தார்கள். நொபிலி காவி கட்டி, மரக்கறி உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் படித்து, தத்துவ போதகர் என்று பேர் வாங்கினார். கேட்பவரின் மொழிக்குள் போய் உட்கார்ந்தார். ஆனால் சாதியை ஊர் வழக்கம் என்று விட்டுவைத்தார். அதன் வட்டியை நாம் இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது என் எண்ணம்.

பந்தி

அதை நேரில் பார்த்தது அந்த வருட அறுப்பின் பண்டிகையில்.

ஆராதனை, ஏலம், அப்புறம் எல்லாருக்கும் சாப்பாடு. ஒவ்வொரு வருடமும் அக்காவுக்குப் பார்சல் கட்டி கேட்டுக்கே அனுப்பிவிடுவோம், மரியாதையாகத்தான். அந்த வருடம் பார்சலைக் கொண்டுபோகப் புறப்பட்ட பையனை, புருசனை இழந்த அந்தப் பெண் தடுத்தாள். தானே போய் அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பந்தியில் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். எதிர் வரிசையில் இருந்த ஒரு பெரியவர், கை கழுவிவிட்டு வருவதாக எழுந்தார். திரும்பி வரவில்லை. இலை அப்படியே கிடந்தது.

அமெரிக்க மதுரை மிஷன் 1847-ல் சாதியை விடாதவர்கள் விஷயத்தில் கடுமையான நிலை எடுத்தது. எல்லாரும் கூடி உட்கார்ந்து உண்பதையே அதற்குப் பரீட்சையாக வைத்தார்கள். அந்த மிஷனின் பிள்ளைகள் என்று பெருமை பேசும் எங்களுக்கு, அதே பரீட்சை இத்தனை காலம் கழித்து ஒரு வாழை இலையில் வந்தது.

அக்கா அதைக் கவனிக்காதவர் மாதிரி சாப்பிட்டார். மறு சனிக்கிழமை கேட்டார்: “உள்ள இருக்கிறவங்க எல்லாம் ஒரே ஆளுகளா தம்பி?”

“இல்லக்கா. பல ஆளுக.”

“பொண்ணு குடுத்து எடுத்துக்குவீங்களா?”

நான் பதில் சொல்லவில்லை. என் மகளுக்குப் போன வருடம் மாப்பிள்ளை பார்த்தபோது நாங்கள் விசாரித்த முதல் விஷயம் என்ன என்று எனக்குத் தெரியும்.

கமிட்டியில் இந்தக் கேள்வியையும் சொன்னேன். இந்த முறை யாரும் கூட்டம் போடலாம் என்று சொல்லவில்லை. ஒரு தீர்மானமும் வரவில்லை. நேர்மையாக எழுதுவதென்றால், இந்த இடத்தில் ஆய்வு இன்னும் முடியாமல்தான் கிடக்கிறது.

இப்போது

யாரும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. எண்ணிக்கை கேட்பவர்களுக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. கீத பவனியில் அந்தச் சந்திலும் இப்போது பாடுகிறோம், முந்தின நாளே வீடு வீடாகக் கேட்டுவிட்டு. ஒரு வீட்டில் வேண்டாம் என்றார்கள். சரி என்று வந்துவிட்டோம். ‘நற்செய்திப் பணி’ தலைப்பைப் பிரித்து, பெரியாஸ்பத்திரியில் துணைக்கு ஆளில்லாமல் கிடப்பவர்களுக்குச் சாப்பாடும் மாற்று ஆளும் ஏற்பாடு செய்ய ஒரு தொகை வைத்திருக்கிறோம். பாட்டிதான் அதற்குப் பொறுப்பு. தலைமையாசிரியர் வாரம் ஒரு ராத்திரி வராந்தாவில் உட்காருகிறார். அங்கே போன பிறகு அவருக்குச் சொல்ல ஏதாவது கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை.

அக்கா வெள்ளிக்கிழமை பாண்டி கோயிலுக்குப் போகிறார். எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சிலும் உட்காருகிறார். அவராகக் கேட்டதால் அந்தப் பெண் லூக்கா சுவிசேஷத்தைத் தனிப் புத்தகமாக வாங்கிக் கொடுத்தாள். பேரன் ஆறாம் வகுப்பு. சாயங்காலம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒரு பக்கம் இரண்டு பக்கம் எழுத்துக் கூட்டி வாசிக்கிறான். அக்கா பூக் கட்டிக்கொண்டே கேட்கிறார்.

போன வாரம் நான் போனபோது ஏழாம் அதிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நாயீன் ஊர் விதவையின் ஒரே மகனைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பையன் வாசித்தான்: “கிட்டவந்து, பாடையைத் தொட்டார்.”

“நில்லு” என்றார் அக்கா. கையில் பாதி கட்டின பூ அப்படியே நின்றது. “பாடையைவா?”

“ஆமா அப்பத்தா. தொட்டார்னுதான் போட்டிருக்கு.”

அவர் என்னைப் பார்த்தார். “நான் எத்தனை பாடைக்குப் பூக் கட்டிருப்பேன் தம்பி. கட்டிக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்தா தலை முழுகாம உள்ள விட மாட்டாய்ங்க எங்க மாமியா. உங்க சாமி தீட்டு பாக்கலையா?”

அந்த அதிகாரத்தை எத்தனை அடக்க ஆராதனையில் கேட்டிருப்பேன் என்று எனக்குக் கணக்கில்லை. ‘தொட்டார்’ என்ற சொல் அதில் இருப்பதே அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. வவுச்சரைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் இருந்த காலிப் பூக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“எனக்கும் சரியாத் தெரியலக்கா” என்றேன். “டேய், அடுத்த வரியை வாசி.”